ஆண்டவர் வழியாகக் கதைத்த வீடு

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதிலிருந்து ஓர் ஆவிக்குரிய பாடம் எடுத்துவிடுவேன். காலையில் பற்பசை தீர்ந்துபோனால் போதும், "பிரியமானவர்களே, நம் ஜீவியத்திலும்..." என்று மனசு ஆரம்பித்துவிடும். பகலில் நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். மிச்ச நேரத்தில் ஒரு மாதப் பத்திரிகைக்குத் தின தியானம் எழுதுகிறவன். ஒரு வசனம், ஒரு சின்னச் சம்பவம், ஒரு பாடம், கடைசியில் இரண்டு வரி ஜெபம். இதை வருஷக்கணக்காக எழுதி எழுதி, சம்பவம் தேடி அலைகிற கண் எனக்கு வந்துவிட்டது. "கேஸ் தீர்ந்தாலும் உங்களுக்கு அது பிரசங்கந்தான். முதல்ல போன் போட்டு சிலிண்டருக்குச் சொல்லுங்க" என்பாள் என் மனைவி.

என்னைப் போன்ற வியாதிக்காரர்களைப் பல நாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, ஜூன் மாதத்தில் ஒரு வாரம் ஓஸ்லோவில் உட்காரவைத்தார்கள். தின தியானம் எழுதுவது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மற்ற எல்லாருக்கும் விடுதி. எனக்கு மட்டும் ஒரு வீடு. "நீங்கள் தமிழர். எங்கள் ஊரிலும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்" என்று கூட்டத்தை நடத்திய நார்வே அம்மையார் பெருமையாகச் சொன்னார். அவர் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை என்பதை அந்த ஊர் மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டேன்.

வீடு ஓஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸ் என்கிற பகுதியில். மலையைக் குடைந்து உள்ளே ரயில் நிலையத்தை வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் ஏறி வெளியே வந்தால் சுற்றிலும் மரங்களும் அடுக்குமாடிகளும். படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு நாட்டுத் தாளிப்பு வாசம். மூன்றாவது தளத்தில் கறிவேப்பிலை வாசம் அடித்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ. களைச்சுப் போயிருப்பியள்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார் அருள்ராஜா. வாத்தியார்களை மாஸ்டர் என்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அவர் அறுபதைத் தொடுகிற வயசு, ஓஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவர். நான் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய், மனைவியைக் கூப்பிட்டு, "ரஞ்சி, கேட்டனீரோ, நான் இனி அண்ணாச்சி" என்றார். ரஞ்சி அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். மகள் எஸ்தர் இங்கேயே பிறந்தவள், இப்போதுதான் மருத்துவம் படித்து முடித்தவள். நான் கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூனை அவள் அந்தக் கணமே பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று முடிவு செய்தேன்.

மேசையில் புட்டு, சம்பல், சால்மன் மீனில் வைத்த யாழ்ப்பாணத்துக் குழம்பு. கையை நீட்டப் போனேன்.

"பொறுங்கோ மாஸ்டர்," என்றார் அருள் அண்ணாச்சி. "முதலிலை, இரவு ஜெபம்."

இரவா? ஜன்னல் வழியே எங்கள் ஊர் நாலு மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சி அக்கா எழுந்து தடித்த திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இரவை உண்டாக்கினார். "வெயில் முகத்திலை அடிச்சா கண் மூடேலாது" என்று காரணமும் சொன்னார். பிறகு ஒரு பாட்டு. பிறகு ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வசனமாகச் சத்தமாக. சத்தம் குறைந்தால் அண்ணாச்சி விரலால் மேசையைத் தட்டினார். அதன் பின் வீட்டில் இளையவரில் தொடங்கி ஒவ்வொருவராக, பிறகு விருந்தாளி என்று ஜெபம்; வீட்டுத் தலைவர் கடைசியில் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பார். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். ஆனால் ஜெபம் வேறு மாதிரி இருந்தது.

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்: "ஆண்டவரே, சில ஆக்களுக்கு மற்ற ஆக்களின்ர முடிவை மதிக்கிற மனசைத் தாரும். ஹம்மர்பெஸ்ட் எண்டுறது சந்திரமண்டலம் இல்லை எண்டதை அவைக்கு உணர்த்தும். அங்கையும் மனுசர்தான் இருக்கினம். ஆமென்."

அடுத்தது ரஞ்சி அக்கா: "ஆண்டவரே, இந்த வீட்டிலை கல்லு மாதிரி இருக்கிற ரெண்டு மனசையும் உருக்கும். பெரிய கல்லை முதல் உருக்கும். ஆமென்."

விருந்தாளியான நான் பயணத்துக்கும் புட்டுக்கும் நன்றி சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். கடைசியில் அண்ணாச்சி: "ஆண்டவரே, படிச்ச பிள்ளையளுக்குப் படிப்போட சேத்துக் கொஞ்சம் புத்தியும் தாரும். நான் வழியனுப்ப மாட்டன் எண்டு உமக்குச் சொல்லிப்போட்டன். இனி உம்மட பாடு."

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மூவரும் பக்தியோடு தலை கவிழ்ந்திருந்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "ரஞ்சி, அவவுக்கு இன்னும் புட்டு வேணுமோ எண்டு கேளும்." 'அவ' ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். "அம்மா, காணும் எண்டு சொல்லுங்கோ" என்றாள் அவளும். காணும் என்றால் அவர்களுக்குப் போதும்.

பாத்திரம் கழுவும்போது ரஞ்சி அக்கா விஷயத்தைச் சொன்னார். எஸ்தருக்கு முதல் வேலை ஹம்மர்பெஸ்டில். நார்வேயின் வட கோடி, கடலோர மீன்பிடி ஊர், இப்போது எரிவாயுத் தொழிலும் உண்டு. சனிக்கிழமை விமானம். அண்ணாச்சிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. சண்டை பிடித்த நாளிலிருந்து தகப்பனும் மகளும் பேச்சில்லை.

"ஜெபத்திலை மட்டும் கதைக்கினம் மாஸ்டர். ஆண்டவர் இல்லாட்டி இந்த வீட்டிலை ஒரு கதையும் இல்லை."

பெரிய கவலை அதுவல்ல. அந்த வீட்டில் யார் எந்தப் பயணம் போனாலும், வாசலில் நிறுத்தி, தலையில் கைவைத்து அண்ணாச்சி ஜெபம் பண்ணி அனுப்புவார். எஸ்தர் பள்ளிச் சுற்றுலா போனபோதும், கார் ஓட்டும் தேர்வுக்குப் போனபோதும் அந்தக் கை அவள் தலையில் இருந்திருக்கிறது. இந்த முறை மாட்டேன் என்றுவிட்டார். "அந்தக் கை படாமல் அவள் வெளிக்கிட்டாள் எண்டா, அவளும் திரும்பி வராள், இவரும் கூப்பிட மாட்டார். எனக்கு ரெண்டு பேரையும் தெரியும்" என்றார் ரஞ்சி அக்கா. பஞ்சால் தட்டைத் தேய்த்துக்கொண்டே அழுதார். நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெபத்தின் வழியே சேதி சொல்வது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் யார் வீட்டில் கல்யாணம் நின்றது, யார் மருமகள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதெல்லாம் ஜெப விண்ணப்பமாகத்தான் முதலில் வெளியே வரும். ஆனால் ஒரு குடும்பம் தினமும் உட்கார்ந்து, ஆண்டவரைத் தபால்காரர் ஆக்கி வைத்திருப்பதை இங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் கூட்டம் தொடங்கியது. என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "நாசரேத்திலிருந்து வருகிறேன்" என்றேன். அறையே நெகிழ்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த கென்யா நாட்டு அம்மாள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது தூத்துக்குடி மாவட்டம், கருப்பட்டி நன்றாக இருக்கும் என்று விளக்குவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

பிறகு ஜெபம் செய்வோம் என்றார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று, இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெபம் பண்ண வேண்டியவர் தூங்கிவிட்டார், பாவம், யாராவது கை கொடுக்க வேண்டுமே என்று நான், "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று எங்கள் ஊர் அளவில் எடுத்துவிட்டேன். எதிரில் இருந்த நார்வேக்காரர் நாற்காலியோடு துள்ளினார். அப்புறம்தான் விளங்கியது, இந்த ஊரில் பேசாமல் இருப்பதுதான் ஜெபம். எங்கள் பக்கம் ஜெபத்தில் இரண்டு விநாடி இடைவெளி விட்டால் அடுத்த ஆள் ஆரம்பித்துவிடுவார்.

மத்தியானச் சாப்பாடு ஆறின ரொட்டி, வெள்ளரிக்காய், மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி. பால்கோவாவைத் தவறுதலாக உப்பு டப்பாவில் போட்டு எடுத்தது போலிருந்தது. எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். நான் மனசுக்குள் ரொம்சோஸ் புட்டை நினைத்துக்கொண்டேன். ஆண்டவர் மன்னிப்பார்.

புதன்கிழமை மாலை தனியாக வீடு திரும்பினேன். ரயிலில் என் பக்கத்து இருக்கை காலி. ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், யாரும் வந்து உட்காரவில்லை. திருச்செந்தூர் ரயிலில் இப்படி நடக்குமா? பாளையங்கோட்டையில் ஏறினால் ஆழ்வார்திருநகரி வருவதற்குள் நம் பெண்ணுக்கு அவர்களிடம் ஒரு மாப்பிள்ளை தயாராகியிருக்கும். இங்கே அவரவர் அவரவர் போனுக்குள். ஒரே ஒரு குரல் கேட்டது. இரண்டு இருக்கை தள்ளி ஒரு பையன் அம்மாவிடம் நார்வே மொழியில் ஏதோ கேட்டான், எதிரே இருந்த ஆப்பிரிக்கப் பெரியவர் சிரித்துவிட்டு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "அந்த மாமா ஏன் தனியாகப் பேசுகிறார் என்று கேட்கிறான்."

உண்மைதான். நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தைப் பார்த்ததும் வியாதி வந்துவிட்டது: பிரியமானவர்களே, சரியான பாதையில் போகிறோமா என்பதை நாம் நிதானித்து அறிய வேண்டும்... கைபேசியில் தட்டி எழுதிக்கொண்டே வந்தேன். அருமையாக வந்தது. முடித்து நிமிர்ந்து பார்த்தால் ரயில் வெட்டவெளியில் ஓடுகிறது. ரொம்சோஸ் மலைக்குள் அல்லவா இருக்க வேண்டும்? நான் ஏறியது வேறு தடத்து ரயில்.

அடுத்து நின்ற இடத்தில் இறங்கினேன். பெயர் ட்வெய்ட்டா. போனில் சார்ஜும் போய்விட்டது, தியானம் எழுதியே. நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டியிடம் கேட்டேன். அந்நிய ஆள் பேச்சுக் கொடுத்ததில் முதலில் பதறினார். பதற்றம் தீர்ந்ததும், ரஞ்சி அக்கா சீட்டில் எழுதித் தந்திருந்த எண்ணுக்குப் பேசத் தன் போனைக் கொடுத்து, அண்ணாச்சி வரும்வரை பக்கத்திலேயே நின்றார். நாயின் பெயர், அதன் மூட்டுவலி, அது சாப்பிடாத பண்டங்கள் எல்லாம் தெரிந்துகொண்டேன். ஒரு முறை வாயைத் திறந்துவிட்டால் இவர்களும் திருச்செந்தூர் ரயில்காரர்கள்தான்.

வேலை முடித்த கையோடு சீருடையில் வந்தார் அண்ணாச்சி. "பேருந்து ஓட்டுறவன்ர வீட்டிலை நிண்டுகொண்டு ரயிலிலை துலையிறியளே மாஸ்டர்" என்று சிரித்தார். அங்கிருந்த கடைத்தொகுதியில் காப்பி வாங்கித் தந்து, பேருந்தில் கூட்டிக்கொண்டு போனார். பயணியாக உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய வலது கால் பிரேக்கை மிதித்தது.

"இவ்வளவு நல்லா சிரிக்கீங்க," என்றேன். "பிள்ளகிட்ட மட்டும் ஏன் அண்ணாச்சி இப்படி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த இரண்டு நிறுத்தத்திலும் பிரேக்கை மிதித்தார். பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"நான் அங்கை இருந்தனான் மாஸ்டர். ஹம்மர்பெஸ்டிலை. இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை எங்கட ஆக்கள் கனபேருக்கு வடக்கிலைதான் வேலை. நான் மீன் ஆலையிலை. என்னோட அறையிலை இருந்த பெடியன் ஓஸ்லோவுக்குப் போட்டான். ஒரு மாரி, குளிர்காலம் முழுக்க நான் தனிய. அங்கை நவம்பரிலை சூரியன் போனா ஜனவரியிலைதான் வரும். வேலைக்குப் போகேக்கையும் இருட்டு, மத்தியானமும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. மீனோட ஆர் கதைக்கிறது? ஒரு நாள் கடையிலை பாண், அதுதான் ரொட்டி, கேக்க வாயைத் திறந்தன். குரல் வரேல்லை. எத்தினை நாளாக் கதைக்கேல்லை எண்டு எனக்கே தெரியாது."

"அப்புறம்?"

"அண்டைக்கு அறைக்கு வந்து வேதப் புத்தகத்தை எடுத்து ஒரு சங்கீதத்தைச் சத்தமா வாசிச்சன். ஜெபம் எண்டு இல்லை மாஸ்டர், பொய் சொல்லக் கூடாது. ஒரு தமிழ்க் குரல் கேக்கத்தான். பக்கத்து அறைக்காரன் சுவரிலை இடிச்சான். குரலைக் குறைச்சுக்கொண்டு வாசிச்சன். பிறகு ஒவ்வொரு நாளும். அப்பதான் நினைச்சனான், எனக்கெண்டு ஒரு வீடு வந்தா எல்லாரும் சுத்தி இருந்து சத்தமா வாசிக்க வேணும் எண்டு." கொஞ்சம் நிறுத்தி, "இவள் என்ர வீட்டை விட்டிட்டு, கேட்டு வாங்கிக்கொண்டு அந்த இருட்டுக்குப் போறாள்" என்றார்.

"இத அவகிட்டயே சொல்லலாம்லா?"

"சொன்னா எனக்குப் பாவம் பாப்பாள். தகப்பனைப் பாவம் எண்டு நினைச்சு ஒரு பிள்ளை தன்ர பயணத்தை நிப்பாட்டக் கூடாது. நீங்களும் ஆருக்கும் சொல்லாதேங்கோ."

"என்னை நம்புங்க அண்ணாச்சி. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அன்று இரவு, அதாவது திரைச்சீலை இழுத்த பிறகு, வாசிக்க வந்த சங்கீதம் கடவுளுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான் என்று சொல்லுகிற ஒன்று. அவர்களுடைய அட்டவணையில் அன்றைய முறை அதற்கு. இருட்டைப் பற்றின வசனம் சுற்றி வந்து என் பங்காக விழுந்தது. வாசித்தேன். அண்ணாச்சியைப் பார்க்காமல் வாசித்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை.

என் ஜெபத்தின் முறை வந்தது. கண்ணை மூடினேன். கண்ணை மூடினால் எனக்கு வேறொரு ஆள் வந்துவிடுவான், தின தியானம் எழுதுகிறவன். வசனம் ஆயிற்று, சம்பவம் எங்கே என்று கேட்பவன்.

"கர்த்தாவே, இருளில் தனித்திருப்போரை நினைத்தருளும். வட தேசத்திலே, மீன் ஆலையில் உழைத்து, சூரியனைக் காணாமல், பேச ஒரு ஆள் இல்லாமல், ஒரு தமிழ்க் குரலைக் கேட்பதற்காகவே உம்முடைய சங்கீதத்தைச் சத்தமாய் வாசித்த அந்த வாலிபனை நினைத்தருளும். பக்கத்து அறைக்காரன் சுவரில் இடித்தபோதும் அவன் குரலைத் தாழ்த்தி வாசித்தானே, கர்த்தாவே..."

சுவர் வரைக்கும் வந்தபிறகுதான் எதிரே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. நிறுத்த முடியாது, ஆமென் சொல்லும் இடம் இன்னும் வரவில்லை. சமாளித்தேன். "அப்படியே, கர்த்தாவே, கனடா தேசத்திலுள்ள வாலிபர்களையும், சுவிட்சர்லாந்திலுள்ளவர்களையும், துபாயிலுள்ளவர்களையும்..." என்று உலகம் முழுவதும் ஓடினேன். துபாயில் இருட்டு ஏது என்று எனக்கே தெரிந்தது. ஒருவழியாக ஆமென் சொன்னேன். கூடச் சொல்ல ஒருவரும் இல்லை.

அண்ணாச்சி தன் ஜெபத்தை விட்டுவிட்டு நேரே ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார். சாப்பாட்டின்போது 'அவவுக்கு' என்று ஒரு கேள்வியும் இல்லை. எஸ்தர் புட்டைப் பிசைந்தபடி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பால்கனியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாஸ்டர், ஆருக்கும் சொல்ல மாட்டன் எண்டனீங்கள்."

"யார்கிட்டயும் சொல்லல அண்ணாச்சி. ஆண்டவர்கிட்டதான்..."

"அவருக்கு முந்தியே தெரியும்," என்றார்.

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இரவு தூக்கம் வந்திருக்கும். விருந்தாளியாகப் போன வீட்டில், சோறு போட்ட கையின் ரகசியத்தை வாயால் உடைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. வெளியே பட்டப்பகல் போல வெளிச்சம். இந்த ஊரில் முகத்தை மறைத்துக்கொள்ள ஓர் இருட்டுகூட இல்லை.

வியாழனும் வெள்ளியும் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. நார்வேக்காரர்கள் என் மௌனத்தைப் பார்த்து, நான் ஆழமாக ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன் என்று பாராட்டினார்கள். கடைசி நாளில் எல்லாரும் இந்த வாரம் கிடைத்த சம்பவத்தை வைத்து ஒரு தியானம் வாசிக்க வேண்டும் என்றபோது, நாயின் மூட்டுவலியை வைத்து ஒப்பேற்றினேன். கென்யா அம்மாள் அதற்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாசரேத்துக்காரன் சொன்னால் நாய்க்கும் மதிப்புத்தான்.

வியாழன் இரவு எஸ்தருக்கு மருத்துவ நண்பர்களோடு பிரிவு விருந்து. வெள்ளி இரவுதான் மறுபடி நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் வழக்கமாக மூச்சுவிடாமல் ஜெபிக்கிறவள், அன்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"ஆண்டவரே, அப்பா ஹம்மர்பெஸ்டிலை இருந்தவர் எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். சின்னனிலை கேட்டனான். குளிர் எண்டு ஒரு சொல்லிலை முடிச்சுப்போட்டார். அதாலைதான் நான் அந்த இடத்தைக் கேட்டு எடுத்தனான். ஓஸ்லோவிலை முயற்சி செய்திருக்கலாம், செய்யேல்லை. அப்பா எங்கை இருந்து தொடங்கினவர் எண்டு எனக்குப் பாக்க வேணும். இந்த வீட்டை விட்டு ஓடுறதுக்கு இல்லை. அதை மட்டும் ஆரும் பிழையா விளங்கக் கூடாது." ஆமென் சொல்ல மறந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ரஞ்சி அக்கா தன் முறைக்கு அழுதார். என் முறை வந்தபோது நான், "நன்றி ஆண்டவரே, ஆமென்" என்று மூன்றே சொல்லில் முடித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்ன ஜெபம் நான் பண்ணினதில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். ஜெபிக்கப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். மறுபடியும் ஆசீர்வாதத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை காலை. கூடத்தில் எஸ்தரின் இரண்டு பெட்டிகள். அண்ணாச்சியைக் காணோம். சீருடைச் சட்டையும் ஆணியில் இல்லை.

"வேலைக்குப் போட்டார்" என்றார் ரஞ்சி அக்கா. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். எஸ்தர் குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரே முடிச்சைப் போட்டு அவிழ்த்து மறுபடி போட்டாள். "பரவாயில்லை அம்மா, விடுங்கோ" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் விட்ட மாதிரி இல்லை.

"மாஸ்டர், நீங்களாவது ஒரு ஜெபம் பண்ணி விடுங்கோ," என்றார் ரஞ்சி அக்கா.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெபம் பண்ணச் சொல்லியும் மாட்டேன் என்றேன். "அது என் இடம் இல்லக்கா. நான் பண்ணுனா கெட்டுப்போகும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் காரணம் என் வாய்தான், நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் கடைசி நேரத்தில் மனம் இளகியிருப்பாரோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கதவில் சாவி திரும்பியது. அண்ணாச்சி சீருடையோடு நின்றார். "வேலைக்கு வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் யாரையும் பார்க்காமல். "கீழை நடந்துகொண்டிருந்தனான்."

எஸ்தர் எழுந்து நின்றாள். அவர் கிட்டே வந்தார். கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். ரஞ்சி அக்கா படக்கென்று கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடினேன்.

"ஆண்டவரே," என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. கூட்டத்தில் பார்த்த நார்வே ஜெபம்போல நீண்டது. எங்கோ லிஃப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"காலமை எழும்பின உடனை எல்லா லைட்டையும் போடு. மத்தியானம் வெளியிலை ஒரு நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் வரும், அதை விடாமல் பார். சாப்பாட்டை அறைக்குள்ளை கொண்டுபோய்ச் சாப்பிடாதை. சப்பாத்தை விடச் சொக்ஸ் முக்கியம், ரெண்டு போடு."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவர் ஆண்டவரிடம் பேசவில்லை. கையைத் தலையிலிருந்து எடுக்காமல், மகளுடைய முகத்தை நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து அறையிலை ஆர் இருந்தாலும், போன அண்டைக்கே போய்க் கதவைத் தட்டு. நான் தட்டேல்லை. அவன் சுவரிலை இடிச்சவன், ஒரு மாரி முழுக்க நான் அவனைக் கோவிச்சுக்கொண்டு இருந்தனான். அவனும் தனிய இருந்தவன்தான் எண்டு பிறகுதான் யோசிச்சன். நீ தட்டு."

"ஓம் அப்பா."

"இரவு எங்கட நேரத்துக்கு போன் எடு. நாங்கள் இஞ்சை வாசிப்பம், உன்ர வசனத்தை நீ அங்கை இருந்து வாசி. சத்தமா வாசிக்க வேணும்."

"ஓம் அப்பா."

"நவம்பரிலை நான் வாறன். இருட்டுத் தொடங்கேக்கை. லீவு போட்டிட்டு வந்து நிக்கிறன். அந்த மீன் ஆலை இருந்த இடத்தை உனக்குக் காட்டிறன்."

எஸ்தர், தலையில் இருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அதை உருவிக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, ஆனால் பெட்ரோலை விடவில்லை.

என் தோளை யாரோ இடித்தார்கள். ரஞ்சி அக்கா. கன்னமெல்லாம் ஈரம், கண் இன்னும் இறுக்கமாக மூடியபடி.

"மாஸ்டர்," என்று கிசுகிசுத்தார், "ஜெபம் முடிஞ்சுதோ? கண் திறக்கலாமோ?"

"இல்லக்கா," என்றேன். "இன்னும் நடந்துட்டு இருக்கு."